கிணற்றுக்கு முந்தின வரி

கடலூர் பழைய டவுனில், உப்பனாறு கடலுக்குப் போக மனமில்லாமல் ஒருமுறை திரும்பிப் பார்க்கிற வளைவில், சாயவேர்த் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிற தேசிங்கின் தள்ளுவண்டியில், கரித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் வந்து நின்றன. தேசிங்கு அவற்றைத் தொட்டுப் பார்த்தார், கனமாக இருந்தன, யாரோ துணியோடு சேர்த்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

அதே பத்து மணிக்கு நாலு வீடு தள்ளி, ரொசாரி வீட்டு முன்னறையில், அமலோற்பவம் ஒரு வரியைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிற வேலை என்னவென்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால் "வெள்ளக்காரன் கிறுக்கல பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்" என்பார்கள், அது உண்மையும்கூட. முந்நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் கையெழுத்தை இன்றைய இங்கிலீஷ்காரர்களாலேயே படிக்க முடியாது என்பதால், தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் யாருக்கு என்ன எழுதிவைத்தான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற சீமைக் குடும்பங்கள் அந்த உயில்களைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் அனுப்புவார்கள், அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒவ்வொரு வரியாக, படிக்கிற எழுத்தில் திருப்பி எழுதி அனுப்புவாள். இருபத்து மூன்று வருஷமாக இதுதான் வேலை, கல்யாணம் காட்சி எல்லாம் இதற்கிடையில் எங்கோ நழுவிப் போய்விட்டது, அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. எழுதிய குமாஸ்தா எவ்வளவு மோசமான கையெழுத்துக்காரனாக இருந்தாலும் உயில் மட்டும் "கடவுளின் பெயரால், ஆமென்" என்றுதான் தொடங்கும், அடுத்து உடம்பு நலிந்தாலும் நினைவு தெளிவு என்று வரும், ஆன்மா ஆண்டவனுக்கு, உடம்பு மண்ணுக்கு என்று வரும். தெரிந்த அந்த வரிகளை வைத்துக்கொண்டு, இவன் கை எந்த எழுத்தை எப்படி வளைக்கிறது, எதற்கு வால் விடுகிறது, எதைப் பாதியில் விழுங்குகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டால், பிறகு அந்தத் தாளே தெரியாத வரிகளுக்கு வழி காட்டும். கமாவும் முற்றுப்புள்ளியும் இருக்காது. ஒவ்வொரு கொடையும் "ஐட்டம்" என்ற ஒரே சொல்லில் தொடங்கும். தெரிந்ததை எழுத வேண்டும், தெரியாத இடத்தில் புள்ளி வைக்க வேண்டும், ஊகித்து மட்டும் எழுதவே கூடாது.

இந்த உயில் எட்மண்ட் டிராஸ்க் என்ற துணிக்கிடங்கு துரையுடையது. இதே கடலூரில் வயிற்றுப்போக்கில் செத்துப்போனவர். தெருக்காரர்கள் பிறகு அவரைத் தராசு துரை ஆக்கிவிட்டார்கள். துணி வெளுத்த பொன்னனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் பித்தளைத் தாங்கிகள் என்று அமலோற்பவம் எழுதி முடித்த நிமிஷத்தில்தான் அவை தேசிங்கின் வண்டிக்கு வந்தன. தேசிங்கின் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பொன்னன் என்பது தேசிங்குக்கே பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை துரையின் சமையல்காரன் வழியில் வந்த தைலம்மையின் வீட்டுக் கொல்லையில் இரண்டு வாத்துகள் வந்து நின்று கத்தின, வியாழக்கிழமை பல்லக்குத் தூக்கியின் வம்சத்தில் வந்த டைலர் வீட்டுக் கொடியில் ஒரு சிவப்பு அங்கி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, வெள்ளிக்கிழமை அரை டஜன் நாற்காலி. வாத்துக்கு யார் தீனி போடுவது என்று தைலம்மை வீட்டில் இரண்டு நாள் சண்டை நடந்தது. வாத்து எப்படி வந்தது என்று ஒருவரும் சண்டை போடவில்லை. அமலோற்பவம் தான் எழுதிய வரிகளைத் தேசிங்கிடம் காட்டிய பிறகு விஷயம் தெரு முழுக்கத் தெரிந்தது, தெருவும் ரேஷனில் இந்த மாதம் பாமாயில் உண்டாம் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டது. காலையில் குழம்புக் கிண்ணத்தோடு ரொசாரி வீட்டுக்கு வந்து, "எங்க ஆளுங்க பேரு எங்கியாச்சும் தென்படுதாக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் அவள் ஒரு வரியைத் தாண்டி அடுத்ததை எழுதிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை, துரை வரிசைப்படிதான் கொடுப்பார் என்று தெரிந்தது.

ஒரே ஒருமுறை அவள் தப்பு செய்தாள். பூச்சி அரித்த ஒரு இடத்தில் புள்ளி வைக்க வேண்டியவள், எல்லா உயிலிலும் வெள்ளிக் கரண்டி வருகிறதே, இதுவும் அதுதானே என்று, இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தின் திமிரில், வெள்ளிக் கரண்டி என்றே எழுதிவிட்டாள். அன்றைக்கு டைலர் வீட்டு அடுப்படியில் பன்னிரண்டு கரண்டிக் காம்புகள் வந்து விழுந்தன, காம்பு மட்டும், அள்ளுகிற குழி ஒன்றிலும் இல்லை. டைலர் சம்சாரம் அவற்றை நூலில் கோத்து ஜன்னலில் கட்டினாள், காற்றடித்தால் கிணுகிணுத்தது, அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் அமலோற்பவத்துக்கு முகம் சுருங்கிப்போகும்.

பழகிய கண் ஒரு வரியில் இருக்கும்போதே கீழே நாலு வரியை மேய்ந்துவிடும். அப்படி மேய்ந்ததில் கடைசிப் பக்கத்தில் ஒன்று கண்ணில் பட்டது. பட்டதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தைலம்மையிடம் சொல்லிவிட்டாள். "என் தோட்டத்து நல்ல தண்ணீர்க் கிணற்றை, இந்தத் தெருவின் ஜனங்களுக்கு" என்று துரை எழுதியிருந்தார்.

சாயவேர்த் தெருவில் எண்பது அடிக்குக் கீழேயும் உப்புதான். காப்பிக்குப் பால் காய்ச்சினால் திரிந்துபோகும், பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும், லாரித் தண்ணீர் வரும் நாளில் கல்யாணம் கருமாதி எதுவாக இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் கிணறு வரப்போகிறது என்ற சொல் விழுந்ததும் எல்லோரும் குடங்களைப் புளி போட்டுத் துலக்கி வாசலில் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார்கள்.

ஆனால் கிணற்றுக்கு முந்தின வரியில் அமலோற்பவத்தின் கை நின்றுவிட்டது. "ஐட்டம், என் அடிமைப் பெண் லூசியை, விதவை ஜோவன்னா ரொசாரியோவுக்கும் அவள் வாரிசுகளுக்கும், என்றென்றைக்கும்." வாத்துக்குத் தொடங்கிய அதே சொல்லில்தான் பெண்ணுக்கும் தொடங்கியிருந்தது. ஜோவன்னா கட்டிய வீட்டில்தான் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள், அந்த வம்சத்தில் மிச்சமிருந்தவளும் அவள் ஒருத்திதான். இந்த வீட்டில் அடிமை வைத்திருந்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. மிச்ச வரிகளைக் கண்ணால் துழாவினாள், இன்ன காலத்துக்குப் பிறகு அடிமைக்கு விடுதலை என்று சில துரைமார்கள் எழுதுவதுண்டு, இந்தத் துரை எழுதவில்லை.

பதினொரு நாள் அவள் அந்த வரியை எழுதவில்லை, காரணத்தைத் தைலம்மையிடம் மட்டும் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் தைலம்மை குழம்புக் கிண்ணம் இல்லாமல், வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் அமலு, அந்தப் பொண்ணு முந்நூறு வருசமா அந்த மையிலதான கெடக்குது?"

"ஆமா."

"நீ எழுதலன்னா அங்கியேதான கெடக்கும்?"

"எழுதினா எனக்கு அடிமையா வரும், தைலம்."

"வரட்டுமே. நீ என்ன அடிக்கப் போறியா, சூடு போடப் போறியா? நம்மகூட ஒருத்தியா இருந்துட்டுப் போவட்டும். தண்ணியும் வரும்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அமலோற்பவம் அந்த வரியை எழுதினாள், எழுதிவிட்டு வாசலைப் பார்த்தாள். ஈரத்தலையோடு, செருப்பில்லாத காலோடு, இருபத்திரண்டு வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டேம்மா" என்றாள் அவள்.

"உள்ள வா. உம் பேரு என்னம்மா?"

"லூசின்னு எழுதியிருக்கு."

"அது அவங்க வெச்சது. உங்க அம்மா என்ன பேரு வெச்சாங்க?"

"அத எழுதலம்மா" என்றாள் லூசி, குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள்.

கிணறு மறுநாளே வந்தது, தெரு இரண்டாகப் பிரிகிற முக்கில், கல் சுவரும் ராட்டினமும் கயிறுமாக. நகராட்சி ஆள் வந்து அதற்கு மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனான். தண்ணீர் அப்படி இனித்தது. அன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் பருப்பு வெந்தது, வெந்த வாசனையில் தேசிங்கு அழுதுவிட்டார், அவர் சம்சாரம் கடைசிவரை வேகாத பருப்பைச் சாப்பிட்டே செத்துப்போனவள்.

அமலோற்பவம் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவள் பாட்டுக்கு உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாள். லூசியை உட்காரச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், லூசி அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கச் சொல்லவில்லையே. உன் இஷ்டம்போல இரு என்று சொன்ன அன்றைக்கு, அந்தக் கட்டளைக்கு எப்படிக் கீழ்ப்படிவது என்று தெரியாமல் நடு வீட்டில் நின்றுகொண்டே இருந்து சாயங்காலம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். தைலம்மை ஒரு புதுப் புடவை கொடுத்தால், அதை மடித்துக் கொண்டுவந்து அமலோற்பவத்தின் கையில் வைத்தாள், அடிமைக்குக் கொடுத்தது எஜமானிக்குச் சேரும் என்று. உனக்கு விடுதலை என்று அமலோற்பவம் வாயால் சொல்லிப் பார்த்தாள், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், போ, திரும்பி வராதே என்று பாலம்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். லூசி பாதிப் பாலம் போனதும் அவள் கால்கள் அந்த உப்பனாற்றைப் போலவே வளைந்து திரும்பின, இவளுக்கு முன்னால் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

தெருவில் இன்னொன்று நடந்தது. அது யாருக்கும் தெரியாமல் நடந்தது. முதல் நாள், இடுப்பு வலி என்று ஒருத்தி, "கொஞ்சம் எறைச்சு ஊத்துறியாம்மா?" என்று கேட்டாள், லூசி ஊற்றினாள். மூன்றாம் நாள் நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாம் நாள் கேட்காமல் குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பத்தாம் நாள் தெருவில் ஒரு கையிலும் கயிற்றுத் தடம் இல்லை, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது, எல்லோரும் நல்லவர்கள், அவளுக்கு இட்லி கொண்டுவந்து கொடுத்தார்கள். அடிமை வைத்துக்கொள்ளப் பழக ஒரு தெருவுக்குப் பத்து நாள் போதும்.

பதினோராம் நாள், "ஏய் லூசி, இந்தக் குடம் யாரு ரொப்புவா?" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று தைலம்மைக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காலிக் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நேரே ரொசாரி வீட்டுக்கு வந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "அமலு, அவள அனுப்பிச்சிடு. நாங்க கெட்டுப்போறோம்" என்றாள்.

அமலோற்பவம் செருப்பை மாட்டிக்கொண்டு மதார்சா பாயைப் பார்க்கப் போனாள். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிற பத்திர எழுத்தர் அவர். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேனாவை மூடி வைத்தார்.

"உயில்ல வந்தவ உயில்லதான் போவாம்மா. வேற பத்திரம் எதுவும் அவ மேல செல்லாது. நீங்க ஒரு உயில் எழுதணும்."

"எழுதிட்டேன்னு வெச்சிக்குங்க பாய்."

"எழுதினவங்க உசுரோட இருக்கிறவரைக்கும் அது வெறும் பேப்பர்."

"அப்ப செத்துட வேண்டியதுதான்" என்றாள் அவள், கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கிவர வேண்டியதுதான் என்கிற மாதிரி.

பாய் பதறிப்போய் எழுந்தார். அவள் அவரைக் கையமர்த்தினாள். "உசுர விடுறதப் பத்திச் சொல்லல. இந்த ஊர்ல செத்துப்போனவங்கன்னா என்னென்ன உண்டோ அத்தனையும் எனக்குச் செஞ்சிடுங்க. அரைகொறையா செஞ்சீங்கன்னா காம்பு மட்டும்தான் வரும்."

பாய் விரல்விட்டு எண்ணினார். முழுசாகச் சாவது என்றால் ரேஷன் கார்டில் பேர் போகும், ஓட்டுப் போகும், கோயிலின் இறந்தோர் ஏட்டில் பேர் ஏறும், செத்தவர் எழுதியது செல்லாது என்பதால் அன்றைக்குப் பிறகு அவள் ஒரு வரியைக்கூட எழுத முடியாது என்று சொன்னார். அந்தக் கடைசி விஷயம் மட்டும் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. அந்த வளைந்த எழுத்துகளை அவள் அவ்வளவு நேசித்திருந்தாள்.

"கெணத்துக்கு அடுத்த வரி உங்க ஆளுங்களுக்குத்தான் பாய். மாலுமி மதார்னு இருக்குது. இப்பவே அத எழுதிக் குடுத்துட்டுச் சாகட்டுமா?"

பாய்க்கு ஆசை முகத்தில் வந்து போனது. "வேணாம்மா" என்றார். "அதுலயும் ஒரு ஆள் நின்னாக்கா?"

அவள் தன் உயிலைத் தராசு துரையின் குமாஸ்தாவுடைய கையெழுத்திலேயே, அதே வாலும் வளைவுமாக எழுதினாள், நினைவு தெளிவு என்று எழுதினாள், ஆன்மா ஆண்டவனுக்கு என்று எழுதினாள். வீட்டை இன்னாருக்கு, எழுத்து வரிசைத் தாள்களை இன்னாருக்கு என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு ஐட்டம்தான்: லூசி என்று எழுதப்பட்டவளை, அவளுக்கே, என்றென்றைக்கும்.

பங்குச் சாமியார் முதலில் முடியவே முடியாது என்றார். "உசுரோட இருக்கிறவளுக்கு நான் எப்படிம்மா துக்க மணி அடிப்பேன்?" ஆனால் அவர் வீட்டுக் குடமும் பத்து நாளாக லூசி கையில் நிரம்பியதுதான், அதைத் தைலம்மை பதமாக நினைவூட்டியதும் அவர் கயிற்றைப் பிடிக்க எழுந்தார். சனிக்கிழமை காலை மணி அடித்தது. தெரு முழுக்கக் கடை அடைத்தது. தேசிங்கு தன் கையால் வெள்ளைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார், முன்னறையில் சவப்பெட்டியின் தலைமாட்டில் பித்தளைத் தாங்கிகளில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பெண்கள் முதலில் வெட்கப்பட்டு மெதுவாக ஒப்பாரி தொடங்கினார்கள், பிறகு அவரவர் வீட்டில் செத்துப்போனவர்களை நினைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்கள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த அமலோற்பவம், தன்னைப் பற்றித் தெருவில் இத்தனை நல்லது பேசுவார்கள் என்று நினைத்ததே இல்லை. ஜெபம் முடிந்தது, எல்லோரும் பெட்டியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள், ஏட்டில் பேர் ஏறியது. மதார்சா பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு உயிலை எடுத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஊகிக்காமல், அந்த ஒரு வரியை வாசித்தார்.

எதுவும் வந்து விழவில்லை, எந்தச் சத்தமும் இல்லை. சாவு வீட்டில் விடைபெறக் கூடாது என்பதால், போயிட்டு வரேன் என்று ஒருவரும் சொல்லாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டும், ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காலடிகள் ஓய்ந்தன. காம்பாகத்தான் போய்விட்டதோ என்று அமலோற்பவம் பயந்தாள். கண்ணைத் திறந்து பார்த்துவிடலாம் என்று இருந்தது, திறந்தால் உயிர் வந்துவிடும், உயிர் வந்தால் உயில் போய்விடும், இறுக மூடிக்கொண்டாள்.

அப்போது முக்கிலிருந்து ராட்டினம் கிறீச்சிட்டது. ஒரு வாளி. இரண்டாவது வாளிக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள், எந்தக் குடத்திலும் தண்ணீர் விழுகிற சத்தம் இல்லை, ராட்டினம் மறுபடி சுற்றவும் இல்லை. வெகுநேரம் யாரோ மெதுவாகக் குடித்தார்கள். பிறகு ஈரக்கால்கள் தெருவைத் தாண்டி, வாசற்படி ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"நான் போறேன்" என்றாள் அவள்.

அம்மா என்று சொல்லவில்லை. போயிட்டு வரேன் என்றும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவர்களிடம் அப்படி மொட்டையாகச் சொல்லக் கூடாது, செத்தவர்களிடம் எதுவுமே சொல்லக் கூடாது. கட்டளைக்குக் கட்டுப்பட்டவள் எவளும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். அமலோற்பவத்துக்கு இத்தனை வருஷத்தில் எந்தச் சொல்லும் இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. சந்தோஷத்தில் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போயிற்று, அவள் அசையாமல் கிடந்தாள். காலடிகள் படி இறங்கின, தெருவைக் கடந்தன, பாலத்தின் பலகையில் ஏறின, பாதியில் நிற்கவில்லை.

அக்கரையில் நாய் ஒன்று புது ஆளைக் கண்டு குரைத்து ஓய்ந்த பிறகு அவள் எழுந்து, புடவையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, கிணற்றடிக்குப் போனாள். வாசல்களில் நின்றவர்கள், செத்துப்போனவளைப் பார்க்கக் கூடாது என்று மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். சுவரின் மேல் வாளி இருந்தது, அதில் அந்தப் பெண் குடித்தது போக மிச்சம் ஒரு கையளவு தண்ணீர் இருந்தது. அமலோற்பவம் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, வாய் வைத்து, அதைக் குடித்தாள்.